டர்ஸ்லி எந்த ஊர்?

போன இதழில் சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்து வாசகி ஒருவர் ஒரு பழைய இன்ஜினைப் பற்றிக் கேட்டிருந்தார், நானும் "தகட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள், அடுத்த இதழில் சொல்கிறேன்" என்று தள்ளிப் போட்டிருந்தேன். படம் வந்தது. அதற்குள் வேறு சிலரும் அதே இன்ஜினைப் பிடித்துக்கொண்டு கேள்விகள் அனுப்பிவிட்டார்கள். ஆகவே இந்த மாதம் முழுக்க அந்த ஒரே இயந்திரம்தான். வாஷிங் மெஷின் ஆட்டம், ஏர்கான் ஒழுகல் பற்றிக் கேட்டவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா தவறிய பிறகு மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். வயலோரத்து இன்ஜின் கொட்டகையில் கிழிந்த சாக்குகளுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் பெரிய சக்கரம் வைத்த ஒரு பழைய ஆயில் இன்ஜின் கிடக்கிறது. துணியால் துடைத்துப் பார்த்தால் பித்தளைத் தகட்டில் 'ஆர். ஏ. லிஸ்டர், டர்ஸ்லி, இங்கிலாந்து' என்று இருக்கிறது. டர்ஸ்லி எந்த ஊர்? அந்தக் கம்பெனி இன்னும் இருக்கிறதா? சித்தப்பா பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்கிறார். – ஈசூன் வாசகி

முதலில் சித்தப்பாவைத் தடுத்து நிறுத்துங்கள் சகோதரி. மற்றதைப் பிறகு பேசலாம்.

டர்ஸ்லி இங்கிலாந்தின் தென்மேற்கில், குளோஸ்டர்ஷையரில், காட்ஸ்வோல்ட் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கும் சின்ன ஊர். உங்கள் ஈசூனில் இரண்டு மூன்று தெரு புளோக்குகளைக் கூட்டினால் அந்த ஊர் ஜனம் வந்துவிடும். ஒரு காலத்தில் கம்பளித் துணி நெய்த ஊர். பெரிய ரயில் பாதையிலிருந்து கிளை பிரிந்து ஒரு குட்டி ரயில் அங்கே போகும், ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் 'டர்ஸ்லி கழுதை'. அந்தக் கழுதையும் 1962இல் பயணிகளை ஏற்றுவதை நிறுத்திவிட்டது. இப்படிப்பட்ட ஊரிலிருந்துதான் உங்கள் அப்பாவின் வயலுக்குத் தண்ணீர் இறைத்த இன்ஜின் கப்பல் ஏறி வந்திருக்கிறது.

ஆரம்பித்தவர் ராபர்ட் ஆஷ்டன் லிஸ்டர், ஆரம்பித்த வருஷம் 1867. அவருடைய அப்பா ஜார்ஜ் லிஸ்டரும் அதே ஊரில் கம்பளி ஆலைகளுக்கு வேண்டிய சாமான்கள் செய்து கொண்டிருந்தவர்தான். அப்பாவுக்கும் மகனுக்கும் ஒத்துவரவில்லை. மகன் வெளியே வந்து, அப்பாவின் பட்டறை இருக்கும் அதே ஊரில், விவசாயக் கருவிகள் செய்யும் பட்டறை ஒன்றைத் தனியாகப் போட்டுவிட்டார். தேக்காவில் அண்ணன் கடைக்கு எதிரிலேயே தம்பி கடை போடுகிற கதை நமக்குத் தெரியாததா?

இந்த ராபர்ட் லிஸ்டரைப் பற்றி நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: அவர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. கேவலமாகச் சொல்லவில்லை, பாராட்டித்தான் சொல்கிறேன். யார் கண்டுபிடித்தது விவசாயிக்கு உபயோகப்படும் என்று மோப்பம் பிடிப்பதிலும், பிடித்ததை உடையாமல் செய்வதிலும், செய்ததை உலகம் முழுக்க விற்பதிலும் கெட்டிக்காரர். கம்பெனியின் ஒவ்வொரு பெரிய அடியையும் எடுத்துப் பாருங்கள், பின்னால் வேறு யாராவது ஒருவர் இருப்பார்.

முதல் ஆள் டென்மார்க்காரர், மிக்கேல் பெடர்சன். பாலிலிருந்து ஆடையைப் பிரிக்கும் ஒரு இயந்திரம் செய்திருந்தார். நம் வீட்டில் என்ன செய்வோம்? பாலைக் காய்ச்சி ஆற வைத்து ஆடையை வழித்து எடுப்போம், இல்லை தயிராக்கி மத்தால் கடைவோம். பெடர்சன் இயந்திரத்தில் ஒரு கிண்ணம் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுற்றும். கனமான பால் ஓரத்துக்கு ஒதுங்கும், லேசான ஆடை நடுவில் நிற்கும், இரண்டும் தனித்தனிக் குழாயில் வெளியே வரும். மேலே பாலை ஊற்றிக்கொண்டே இருக்கலாம், நிறுத்த வேண்டியதில்லை. 1889இல் பிரிட்டனில் அதைச் செய்து விற்கும் உரிமையை லிஸ்டர் வாங்கினார், 'அலெக்ஸாண்ட்ரா' என்று ராணி மாதிரி ஒரு பெயர் வைத்தார், அது பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளுக்கெல்லாம் போயிற்று. 1893இல் பெடர்சனே டர்ஸ்லிக்குக் குடிவந்துவிட்டார்.

வந்த மனுஷன் சும்மா இருக்கவில்லை. சைக்கிள் ஓட்டினால் உட்காரும் இடம் வலிக்கிறது என்று அவருக்கு ஒரு குறை. அதற்காக, கயிற்றால் பின்னிய தூளி மாதிரி ஒரு சீட் செய்து, அந்தத் தூளியைக் கட்டித் தொங்கவிட மெல்லிய குழாய்களை முக்கோணம் முக்கோணமாக இணைத்து ஒரு சைக்கிளையே செய்தார். முதலில் மரத்தில் செய்து பார்த்தார், பிறகுதான் இரும்பு. 'டர்ஸ்லி பெடர்சன்' என்று பெயர். சீட்டை முதலில் யோசித்துவிட்டு அதைச் சுற்றி வண்டியைக் கட்டியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். 1970களில் கோபன்ஹேகனில் அந்த சைக்கிளை மறுபடி செய்ய ஆரம்பித்தார்கள், இன்றும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

பெடர்சன் கையில் மட்டும் காசு நிற்கவில்லை. டென்மார்க் திரும்பி, வறுமையில் 1929இல் இறந்தார். அதே 1929இல்தான் ராபர்ட் லிஸ்டரும் போனார், சர் பட்டத்தோடும் செல்வத்தோடும். 1995இல் டர்ஸ்லி ஊர்க்காரர்கள் பெடர்சனின் எலும்புகளை டென்மார்க்கிலிருந்து கொண்டுவந்து தங்கள் ஊரிலேயே அடக்கம் செய்தார்கள். அறுபத்தாறு வருஷம் கழித்து. இந்த இடத்தை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை கட்டியது, சரி, மேலே போவோம்.

பால் இயந்திரம் வாங்கிய விவசாயி அதை எவ்வளவு நேரம் கையால் சுற்றுவான்? ஆஸ்திரேலியாவில் ஆட்டு ரோமம் கத்தரிக்கும் இயந்திரம் வந்துவிட்டது, அதையும் சுற்றியாக வேண்டும். லிஸ்டர் அந்த வியாபாரத்திலும் இருந்தார். அப்போ சுற்றுவதற்கு ஒரு இன்ஜின் வேண்டும். 1909இல் லண்டன் கம்பெனி ஒன்றிடமிருந்து பெட்ரோல் இன்ஜின் செய்யும் உரிமையை வாங்கினார்கள். பாருங்கள், இதுவும் வாங்கியதுதான். ஆனால் டர்ஸ்லி வாழ்ந்ததும் பிறகு தேய்ந்ததும் இந்த இன்ஜினால்தான்.

1920களின் நடுவில் பேரன் பெர்சி லிஸ்டர் கைக்கு நிர்வாகம் வந்தது. 1926இல் 'ஆட்டோ டிரக்' என்று ஒரு மூன்று சக்கர வண்டி. முன்னால் ஒரே சக்கரம், இன்ஜின் அந்தச் சக்கரத்தின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும், ஓட்டுநர் ஒரு பெரிய வளையத்தைப் பிடித்துத் திருப்பினால் சக்கரமும் இன்ஜினும் சேர்ந்தே திரும்பும். ரயில் பிளாட்பாரங்களிலும் தொழிற்சாலைகளிலும் மூட்டை இழுக்க அதை 1973 வரைக்கும் விற்றார்கள். அதற்கப்புறம்தான், 1929–30 வாக்கில், உங்கள் கொட்டகையில் இருக்கும் இன்ஜினின் முதல் வடிவம் வந்தது. சிஎஸ் வகை. உங்கள் படத்தில் '5/1' என்று தெரிகிறது. ஐந்து குதிரைச் சக்தி, ஒரு சிலிண்டர் என்று அர்த்தம். 10/2 என்றால் பத்துக் குதிரை, இரண்டு சிலிண்டர். இவ்வளவு நேர்மையாகப் பெயர் வைத்த கம்பெனியை நான் அதிகம் பார்த்ததில்லை.

கம்பெனி இருக்கிறதா என்ற கேள்விக்குக் கீழே தனியாகப் பதில் சொல்கிறேன்.

'சிஎஸ்' என்றால் 'கோல்ட் ஸ்டார்ட்', அதாவது குளிர்ந்த நிலையிலேயே ஸ்டார்ட் ஆவது என்று எங்கள் வாத்தியார் சொன்னார். அப்படியானால் மற்ற இன்ஜின்கள் சூடாக ஸ்டார்ட் ஆகுமா? – தொழில்நுட்பக் கல்விக்கழக மாணவர், அங் மோ கியோ

ஆமாம் தம்பி, சூடு பண்ணித்தான் ஸ்டார்ட் பண்ணினார்கள். சுட்ட கதை இல்லை.

டீசல் இன்ஜின் என்றதும் எல்லாரும் ரூடால்ஃப் டீசலைச் சொல்வார்கள். ஆனால் அவருக்கு முன்பே, 1890இல், ஹெர்பர்ட் அக்ராய்ட் ஸ்டூவர்ட் என்ற ஆங்கிலேயர் கனமான எண்ணெயில் ஓடும் ஒரு இன்ஜினுக்குப் பேட்டண்ட் வாங்கிவிட்டார். கிரான்தம் என்ற ஊரில் இருந்த ஹார்ன்ஸ்பி கம்பெனி அதைச் செய்து விற்றது. (கிரான்தமும் டர்ஸ்லி மாதிரி ஒரு நாட்டுப்புற ஊர்தான். அந்தக் காலத்து இன்ஜின் வரலாறு பெரும்பாலும் இப்படிப்பட்ட ஊர்களில்தான் நடந்திருக்கிறது.) டீசலின் பேட்டண்ட் 1892, அவருடைய இன்ஜின் ஒழுங்காக ஓடியது 1897.

அக்ராய்ட் ஸ்டூவர்ட் இன்ஜினில் சிலிண்டர் தலையில் குமிழ் மாதிரி ஒரு பகுதி இருக்கும். அந்தக் குமிழை, நெருப்பைப் பீய்ச்சும் புளோலாம்ப் விளக்கை வைத்து நன்றாகக் காய்ச்ச வேண்டும். காய்ந்த குமிழில் எண்ணெய் பட்டால்தான் ஆவியாகிப் பற்றும். ஓட ஆரம்பித்த பிறகு அதன் சூட்டிலேயே அது ஓடிக்கொள்ளும், ஆனால் விடிகாலையில் மாட்டைக் கறக்கிறவன் நிமிஷக்கணக்கில் புளோலாம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். டீசல் முறையில் குமிழ் வேண்டாம். காற்றை இறுக்கி இறுக்கி அமுக்கினால் அதுவே சூடாகும், அந்தச் சூட்டில் எண்ணெய் தானாகப் பற்றும். சைக்கிள் பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பாய், அதே சங்கதி. ஆனால் ஆரம்பகால டீசல் இன்ஜின்கள் பெரிய பெரிய உருப்படிகள், எண்ணெயை உள்ளே தள்ளவே தனியாக ஒரு கம்ப்ரஸர் வேண்டும். விவசாயி கொட்டகைக்கு அது ஆகாது.

லிஸ்டர் சிஎஸ் செய்தது என்னவென்றால், ஒரு ஆள், ஒரு ஹேண்டில், குளிர்ந்த இரும்பு, அவ்வளவுதான். புளோலாம்ப் கிடையாது, பேட்டரி கிடையாது, ஸ்பார்க் பிளக் கிடையாது. அதில் ஒரு சின்ன சூட்சுமம்: சிலிண்டர் தலையில் ஒரு திருகுச் சக்கரம் இருக்கும். அதை உள்ளே திருகினால் எரியும் அறையில் ஒரு பகுதி அடைபடும், இடம் குறையும், அமுக்கம் கூடும், குளிரிலும் பற்றிக்கொள்ளும். இன்ஜின் சூடாகிப் பாரம் ஏறியதும் வெளியே திருகிவிட்டால் அமுக்கம் குறைந்து தாளம் மென்மையாகும். வாத்தியாரிடம் இதைச் சொல்லிப் பார், கூட மதிப்பெண் போடுவாரா தெரியாது.

வெறும் ஐந்து குதிரைச் சக்திக்கு இவ்வளவு பெரிய இரும்பா? என் மோட்டார் சைக்கிளிலேயே அதைவிட அதிகம் இருக்கிறதே? – புக்கிட் பாத்தோக் வாசகர்

நியாயமான கேலிதான். கணக்கைப் போட்டால் இன்னும் சிரிப்பீர்கள். சிலிண்டரின் குறுக்களவு நாலரை அங்குலம், பிஸ்டன் ஓடும் தூரம் ஐந்தரை அங்குலம், அதாவது கிட்டத்தட்ட 1,430 சிசி. காராக இருந்தால், கார் வாங்க எடுக்கும் சிஓஇ சான்றிதழில் சின்ன கார்களுக்கான 'ஏ' பிரிவில் வரும். இன்றைய கார் அந்த அளவுக்கு நூறு குதிரைச் சக்தி கொடுக்கும், இது கொடுப்பது ஐந்து. எடையோ முந்நூறு கிலோவுக்கு மேல், அதில் கணிசமான பங்கு ஃபிளைவீல் என்கிற அந்த இரண்டு பெரிய சக்கரங்கள்.

ஆனால் வேகத்தைப் பாருங்கள். நிமிஷத்துக்கு 600 சுற்று. உங்கள் கார் சிவப்பு விளக்கில் சும்மா நிற்கும்போதுகூட அதைவிட வேகமாகச் சுற்றும். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி, ஆக நிமிஷத்துக்கு 300 வெடி, விநாடிக்கு ஐந்து. வயல் நடுவில் ஒரு மைல் தூரம் கேட்கும் 'டுக்கு டுக்கு டுக்கு' சத்தத்தை எண்ணிப் பார்த்தால் அவ்வளவுதான் இருக்கும். பிஸ்டன் விநாடிக்கு மூன்று மீட்டருக்கும் குறைவாகத்தான் நகர்கிறது. மெதுவாக உரசுவது மெதுவாகத் தேயும். ராத்திரி முழுக்க ஓடும், மறுநாளும் ஓடும், யாரும் பக்கத்தில் நிற்க வேண்டாம், குருடாயில் தீர்ந்தால் நிற்கும். அந்தக் காலத்து விவசாயிக்கு வேண்டியது வேகம் இல்லை. மெக்கானிக் இருக்கும் ஊர் இருபது மைல் தள்ளி, மாட்டு வண்டியில்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் எது ஓடுமோ அதைச் செய்தார்கள்.

இன்னொன்று, அதன் உறுப்புகளெல்லாம் வெளியே தெரியும். வால்வைத் தூக்கும் கம்பி, ராக்கர், பம்ப் எல்லாம் கண்ணுக்கு எதிரில். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் ஒரே ஒரு ஸ்பேனர் பெட்டியை வைத்துக்கொண்டு இதைப் பிரித்துப் பூட்டியதை நானே பார்த்திருக்கிறேன். இன்று என் மகன் காரில் பானெட்டைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் மூடிதான் தெரிகிறது.

அதோடு, வேகமாகச் சுற்றாததைக் கம்பெனி குறையாக நினைத்து உட்கார்ந்துவிடவும் இல்லை. 1950களில் தண்ணீர் வேண்டாத, காற்றிலேயே குளிரும் வேகமான சின்ன டீசல்களையும் செய்தார்கள். ஆனாலும் இந்தக் கிழவனை 1980கள் வரை செய்து விற்றுக்கொண்டுதான் இருந்தார்கள்.

புலாவ் உபினில் ஒரு வீட்டுப் பின்கட்டில் ஜெனரேட்டர் ஒன்றில் 'லிஸ்டர் பெட்டர்' என்று பார்த்தேன். லிஸ்டர் தெரியும், பெட்டர் யார்? நான் முன்பு தெங்கா விமானத் தளத்தில் வேலை பார்த்தவன். – சுவா சூ காங் வாசகர்

தெங்கா என்று நீங்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று, ஏன் என்று கடைசியில் புரியும்.

உபினுக்கு நம் பெருந்தீவிலிருந்து மின் கம்பி போகவில்லை, வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான், 2013இல் படகுத்துறைப் பக்கம் சூரியசக்தி சேர்த்த சின்ன மின் வலை ஒன்று வந்தது. ஆகவே லிஸ்டர் பெட்டர் மாதிரி இன்ஜின்களை நம் நாட்டில் பார்க்க அதுதான் இடம்.

பெட்டர் குடும்பம் யோவில் என்ற இன்னொரு நாட்டுப்புற ஊர். அப்பா இரும்புச் சாமான் கடைக்காரர், கணப்பு அடுப்புகளும் செய்தவர். எர்னஸ்ட், பெர்சிவல் என்று அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். 1895இல் ஒரு குதிரை வண்டியில் இவர்கள் செய்த எண்ணெய் இன்ஜினை வைத்து ஓட்டிப் பார்த்தார்கள். கார் வியாபாரம் ஓடவில்லை, பண்ணைகளுக்கு இன்ஜின் விற்பது ஓடியது. 1915இல், உலகப் போர் நடுவில், விமானம் செய்து தருகிறோம் என்று அரசாங்கத்திடம் கை தூக்கினார்கள். அதற்காக ஊருக்கு வெளியே போட்ட பட்டறைக்கு 'வெஸ்ட்லேண்ட்' என்று பெயர். ஆமாம், பின்னாளில் ஹெலிகாப்டருக்குப் பெயர் எடுத்த அதே வெஸ்ட்லேண்ட். யோவிலில் இன்றும் ஹெலிகாப்டர் செய்கிறார்கள். களத்துமேட்டு இன்ஜின் கம்பெனியின் பக்கவாட்டில் முளைத்த கிளை மரத்தைவிடப் பெரிதாகிவிட்டது. இன்ஜின் வியாபாரம் யோவிலை விட்டு வேறு ஊருக்குப் போயிற்று.

எர்னஸ்டின் மகன் டெடி பெட்டர். இவர் விமான வடிவமைப்பாளர். வெஸ்ட்லேண்டில் லைசாண்டர் விமானம், பிறகு வேறு கம்பெனியில் கான்பெரா குண்டுவீச்சு விமானம், லைட்னிங் போர் விமானத்தின் ஆரம்ப வடிவம், அப்புறம் குட்டியாக ஒரு விமானம், நாட். 1965 போரில் இந்திய விமானப் படைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த நாட் அதுதான். பிரிட்டிஷ்காரர்கள் இங்கே இருந்த காலத்தில் கான்பெராவும் லைட்னிங்கும் உங்கள் தெங்காவிலிருந்துதான் பறந்தன. அப்போது அங்கே இருந்த பெரியவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த லைட்னிங் கிளம்பும்போது வந்த இரைச்சலுக்கும் ஒரு கிணற்றடி இன்ஜினுக்கும் ஒரே குடும்பப் பெயர் என்று தெரிந்துகொள்ளட்டும். டெடி பெட்டர் 1950களின் கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு சுவிட்சர்லாந்தில் ஒரு மதக் குழுவோடு போய்ச் சேர்ந்துவிட்டார். அது வேறு கதை.

இவ்வளவு நல்ல கம்பெனி ஏன் காணாமல் போனது? – செங்காங் வாசகி

காணாமல் போனது என்று சொல்ல முடியாது, கரைந்து போனது. ஈசூன் சகோதரிக்கும் இதுதான் பதில்.

1965இல் ஹாக்கர் சிட்லி என்ற விமானக் கம்பெனி லிஸ்டரை வாங்கியது. பெட்டர் அதற்கு முன்பே, 1957இல், வேறொரு கம்பெனியோடு ஒட்டிக்கொண்டு அதே கைக்குப் போயிருந்தது. அண்ணன் தம்பி மாதிரி போட்டி போட்ட இரண்டும் ஒரே வீட்டில். 1986இல் இரண்டையும் சேர்த்து 'லிஸ்டர் பெட்டர்' என்று ஆக்கினார்கள். 1991இல் ஹாக்கர் சிட்லியையே இன்னொரு குழுமம் விழுங்கியது. அப்புறம் கைமாறிக் கைமாறிப் போனது, டர்ஸ்லி தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். லிட்டில்கூம் என்று பெயர். நம் ஊரில் பழைய கம்போங் கிராமங்களை இடித்து வீவக அடுக்குமாடிகள் கட்டிய மாதிரிதான்.

முதலாளி மாறியதால் கெட்டது என்று சொல்வார்கள், எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. வாங்குகிறவனே மாறிவிட்டான். தஞ்சாவூர்ப் பக்கமே பாருங்களேன்: கம்பத்தில் கரண்ட் வந்தது, விவசாயத்துக்கு இலவச மின்சாரமும் வந்தது, அப்புறம் யார் குருடாயில் ஊற்றி ஹேண்டில் சுற்றுவான்? மிச்சம் இருந்த இடத்தில் ஜப்பான்காரன் நுழைந்தான். யான்மார் 1933லேயே சின்ன டீசல் செய்தவன், பிறகு ஒரே ஆள் தூக்கி வைக்கும் அளவுக்கு லேசாகவும் மலிவாகவும் கொடுத்தான். இந்தியாவுக்குள்ளே கிர்லோஸ்கர் 1946இலிருந்து. அப்புறம் ராஜ்கோட்.

ராஜ்கோட் என்றதும் நினைவு வந்தது. என் மாமா வீட்டிலும் இதே மாதிரி இன்ஜின் இருக்கிறது, ஆனால் தகட்டில் இங்கிலாந்து இல்லை. டூப்ளிகேட்டா? – உட்லண்ட்ஸ் வாசகர்

டூப்ளிகேட் என்று சொன்னால் மாமாவுக்குக் கோபம் வரும், நகல் என்று சொல்லுங்கள். குஜராத்தில் ராஜ்கோட்டைச் சுற்றி எத்தனையோ பட்டறைகள் இதே சிஎஸ் இன்ஜினை அச்சு அசலாக வார்த்து விற்றன. வெளிநாட்டில் பழைய இன்ஜின் பிரியர்கள் அதற்கு 'லிஸ்டராய்டு' என்று செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். டர்ஸ்லியில் நிறுத்திய பிறகும் இந்த இன்ஜின் பிழைத்திருப்பதற்குக் காரணமே ராஜ்கோட்தான். ராபர்ட் லிஸ்டர் வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் கண்டுபிடித்ததை வாங்கிச் செய்தவர், கடைசியில் அவர் கம்பெனி செய்ததை மற்றவர்கள் வாங்காமலே செய்தார்கள்.

வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் ஃபிளைவீல் தண்டைத் தாங்கும் இடத்தைப் பாருங்கள். டர்ஸ்லி இன்ஜினில் கூம்பு உருளைகள் வைத்த டேப்பர் ரோலர் பேரிங் இருக்கும். நகல்களில் சிலவற்றில் அது உண்டு, பலவற்றில் உருளை இல்லாத வெறும் உலோக வளையம், புஷ்தான். ஓட்டுவதற்கு முன் இன்னொரு வேலை: கிராங்க் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி உள்ளே விரலால் தடவிப் பாருங்கள். வார்ப்பு மணல் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்று விடாமல் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுத்தான் எண்ணெய் ஊற்ற வேண்டும். அந்த மணல் எண்ணெயோடு கலந்து பேரிங்குக்குப் போனால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். நகல்களைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறை இது. மற்றபடி மாமாவின் இன்ஜின் நன்றாகவே உழைக்கும்.

இதையெல்லாம் படித்த பிறகு சித்தப்பாவே "ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமா" என்கிறார். எப்படி ஸ்டார்ட் செய்வது? வீட்டில் அலங்காரமாக வைக்க சிங்கப்பூர் கொண்டுவர முடியுமா? – மறுபடியும் ஈசூன் வாசகி, வாட்ஸ்அப்பில்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வேண்டாம். முந்நூறு கிலோ இரும்பை மின்தூக்கியில் ஏற்றி பதினோராவது மாடிக்குக் கொண்டுபோனால் கீழ்வீட்டுக்காரர் என்னைத் தேடி வருவார். பித்தளைத் தகட்டைக் கழற்றிக் கொண்டுவரலாம் என்று நினைப்பீர்கள், அதையும் செய்யாதீர்கள். தகடு போனால் அது எந்த ஊர் இன்ஜின் என்று அடுத்தவனுக்குத் தெரியாது.

ஓட்டுவதானால், முதலில் ஃபிளைவீல். ஆரக்கால்களில் மயிரிழை மாதிரி விரிசல் இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள், தண்டோடு சக்கரத்தைப் பூட்டும் ஆப்பு இறுக்கமாக இருக்கிறதா என்று சுத்தியலால் தட்டிப் பாருங்கள். இரண்டில் ஒன்று சந்தேகமாக இருந்தாலும் ஓட்டக் கூடாது. சுற்றும் ஃபிளைவீல் உடைந்தால் கொட்டகையின் கூரை இருக்காது.

அது சரியாக இருந்தால் பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியது ஊற்றுங்கள், ராக்கரில் இரண்டு சொட்டு விடுங்கள், தண்ணீர்த் தொட்டியை நிரப்புங்கள். டீசல் டாங்கைக் கழுவிப் புது டீசல் ஊற்றி, குழாயில் இருக்கும் காற்று முழுக்க வெளியேறும்வரை மூட்டைத் தளர்த்தி வைத்திருங்கள், குமிழி வராமல் டீசல் மட்டும் வந்ததும் இறுக்குங்கள். பிறகு பம்பின் சின்ன நெம்புகோலைக் கையால் அமுக்கிக்கொண்டே டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர் பக்கம் காதை வையுங்கள். 'கிரீச்' என்று ஒரு முனகல் கேட்கும். அது கேட்காவிட்டால் நாள் பூராவும் சுற்றினாலும் ஓடாது. கேட்டால் பாதி வேலை முடிந்தது.

திருகுச் சக்கரத்தை உள்ளே திருகி வையுங்கள். எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடிக்கும் கொக்கியை மாட்டுங்கள், இல்லையென்றால் அமுக்கத்தை எதிர்த்து யாராலும் சுற்ற முடியாது. சித்தப்பா ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டை விரலும் மற்ற நாலு விரல்களும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும், கட்டை விரலால் சுற்றிப் பிடிக்கவே கூடாது. பதினெட்டு வயதில் ஒரு பட்டறையில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. இன்ஜின் பின்னால் ஒரு உதை உதைத்தது, என் வலது மணிக்கட்டு இன்றும் மழை வருவதை முன்கூட்டியே சொல்கிறது.

மெதுவாக ஆரம்பித்து வேகம் ஏற்றுங்கள். இரண்டு சக்கரமும் தன் பாரத்திலேயே ஓடுகிற மாதிரி ஒரு கட்டம் வரும், கைக்கு இலேசாக இருக்கும். அப்போது கூட இருக்கும் ஆள் கொக்கியைத் தட்டிவிட வேண்டும். ஒரு வெடி, கொஞ்சம் கரும்புகை, இன்னொரு வெடி, அப்புறம் தாளம் பிடித்துக்கொள்ளும். ஹேண்டில் தானாகக் கழன்றுகொள்ளும், அதோடு மல்லுக்கட்டாமல் உருவி எடுத்துத் தூரமாக வைக்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் போய்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள்.